ஒரு லட்டுப் படமும் ஐந்து ஃபைல்களும்

டிசைனர் வேலை: வாசகர் கேள்வி–பதில்

கிராஃபிக், மல்டிமீடியா டிசைன் பற்றிக் கடிதம் எழுதிய பலருக்கும் உள்ளூர இருக்கும் கவலை ஒன்றுதான்: "இன்னும் எத்தனை சாஃப்ட்வேர் கற்க வேண்டும்?" அதை முதல் பதிலிலேயே எடுத்துக்கொண்டுவிட்டோம்.

கே: நான்கு வருடமாக ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். போட்டோஷாப்பும் கோரல் டிராவும் கைப்பழக்கம். சம்பளம் நகரவே இல்லை. மோஷன் கிராஃபிக்ஸ் படி, யூ.ஐ. (ஆப், இணையதளத் திரை வடிவமைப்பு) படி, 3டி படி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைக் கற்றால் எல்லா வேலைக்கும் போகலாம்? – ஃப்ளெக்ஸ் டிசைனர், திண்டுக்கல்

ப: சாஃப்ட்வேர் பெயர்களைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊர் ஸ்வீட் கடை தீபாவளிக்கு விளம்பரம் கேட்கிறது. 20-க்கு 10 அடி ஃப்ளெக்ஸ், அரைக் கிலோ லட்டுப் பெட்டி, நாளிதழில் கால் பக்கம், இன்ஸ்டாகிராம் போஸ்ட், 15 விநாடி ரீல். ஐந்துக்கும் அதே லட்டுப் படம், அதே லோகோ, அதே வாசகம். இந்த ஐந்து ஃபைலையும் ஒருவரே, எங்கிருந்தும் திரும்பி வராதபடி செய்து கொடுத்தால் அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. முதல் ஃபைல் உங்களுக்குத் தெரியும். மீதி நான்கில் என்னென்ன மாறுகிறது என்று பாருங்கள்.

ஃப்ளெக்ஸ்: அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று வைத்தால் 17,280-க்கு 8,640 பிக்சல். லேயர் எல்லாம் சேர்த்துத் தட்டையாக்கிய பிறகும் அச்சுக்கான நான்கு மை (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) முறையான சி.எம்.ஒய்.கே.-யில் சுமார் 570 எம்.பி. வரும். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த லட்டுப் படத்தின் அகலம் 6,000 பிக்சல்தான். 20 அடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 25 பிக்சல். சாலையில் 30 அடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது போதும். படம் கொஞ்சம் உடைந்தாலும் கண் மன்னிக்கும், எழுத்தின் ஓரம் உடைந்தால் மன்னிக்காது. ஆகவே எழுத்தும் லோகோவும், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டராகவே இருக்கட்டும். சட்டத்தில் மடித்து அடிக்க நான்கு பக்கமும் 4 அங்குலம் விடுவது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெட்டி: இங்கேதான் ஃப்ளெக்ஸ் டிசைனர்கள் முதலில் வழுக்குகிறார்கள். அளவை ஸ்கேல் வைத்து அளந்து நீங்களே வரையாதீர்கள். பெட்டி செய்பவரிடம் டை லைன் ஃபைலை வாங்குங்கள். மடிப்பும் வெட்டும் காட்டும் அந்தக் கோடு தனி லேயரில், நான்கு மையில் சேராத தனி ஸ்பாட் கலரில், ஓவர்பிரின்ட் (அடியில் உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாகும் அமைப்பு) போட்டு இருக்க வேண்டும். சும்மா கறுப்பில் விட்டால் பெட்டி மேல் அச்சாகி வந்துவிடும். வெட்டுக் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. ப்ளீடு (வெட்டு நகர்ந்தாலும் வெள்ளை தெரியாதபடி நீட்டி விடும் ஓரம்), உள்ளே 5 மி.மீ. வரை எழுத்து வேண்டாம். படம் அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல். ஸ்வீட் பெட்டி பெரும்பாலும் டூப்ளெக்ஸ் அட்டை. ஆர்ட் கார்டைவிட இங்க்கை அதிகம் குடிக்கும், கலர் ஒரு படி மங்கும்.

லட்டுக்கென்று ஒரு எச்சரிக்கை. வெளிச்சம் விழும் பகுதியில் மஞ்சள் 90–100 விழுக்காடு, மெஜந்தா 35–45 விழுக்காடு என்று இருக்கட்டும். அங்கே சயான் 5 விழுக்காட்டைத் தாண்டினால் மஞ்சள் பச்சைப் பக்கம் சாய்ந்து, நேற்றுச் செய்த லட்டு மாதிரி தெரியும். ஆர்.ஜி.பி. (திரைக்கான நிற முறை) படத்தை அப்படியே சி.எம்.ஒய்.கே.-க்கு மாற்றினால் இந்தச் சயான் தானாக வந்து உட்காரும். போட்டோஷாப்பின் கர்வ்ஸ் கருவியில் சயானை மட்டும் இறக்குங்கள். நிழல் பகுதியில் கொஞ்சம் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் லட்டு உருண்டையாகத் தெரியாது. முன்கூட்டியே அடைத்து விற்கும் பெட்டி என்றால் சைவக் குறியான பச்சைப் புள்ளி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, பேட்ச் எண், சேர்மானங்கள் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிவிட்டு அலங்காரத்தைத் தொடங்குங்கள். டிசைன் முடிந்த பிறகு இவற்றை நுழைக்கப் பார்த்தால் 3 பாயின்ட் எழுத்தில்தான் முடியும்.

நாளிதழ்: நியூஸ்பிரின்ட் ஊறும் காகிதம். நான்கு மையும் சேர்ந்து 240 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. புள்ளிகள் பரவி நடுத்தர டோன்கள் கறுக்கும் என்பதால் படத்தைத் திரையில் 'கொஞ்சம் வெளுத்திருக்கிறதே' என்று தோன்றும் அளவுக்கு வெளுக்க வையுங்கள். அடர்ந்த பின்னணியில் 8 பாயின்டுக்குக் குறைந்த வெள்ளை எழுத்து வைத்தால் அடைத்துக்கொள்ளும்.

போஸ்ட் 1080-க்கு 1350 பிக்சல், ரீல் 1080-க்கு 1920. ரீலில் மேலே சுமார் 270, கீழே சுமார் 670 பிக்சலுக்குள் எழுத்து வைத்தால் கணக்குப் பெயரும் லைக் பட்டனும் அதன் மேல் ஏறி உட்காரும். கடை முகவரியைக் கீழ் ஓரத்தில் வைப்பது ஃப்ளெக்ஸ் பழக்கம். ரீலில் அதை நடுவுக்கு ஏற்றுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். உங்கள் கையில் இருப்பதோடு இரண்டு சேர்த்தால் போதும்: பக்க வடிவமைப்புக்கு இன்டிசைன், அசைவுக்கு ஆஃப்டர் எஃபெக்ட்ஸ். முதலில் இன்டிசைன். ஆறு மாதத்தில் ஒரு 16 பக்கக் கையேடு அச்சாகி வரும் அளவுக்குப் பழகிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். 3டி-யை இப்போதைக்கு விட்டுவிடலாம். அது தனித் தொழில், பக்கவாட்டில் கற்றால் அரைகுறையாகத்தான் நிற்கும்.

கே: போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழ் ஒட்டினால் 'கொழுக்கட்டை' என்பதில் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. சில இடத்தில் புள்ளிவட்டம் வருகிறது. என் கல்லூரியில் எல்லோரும் பழைய ஃபான்ட்டுக்கே திரும்பிவிட்டார்கள். வேறு வழி உண்டா? – விஸ்காம் மூன்றாம் ஆண்டு மாணவி, திருச்சி

ப: உண்டு. அதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் எந்த சாஃப்ட்வேரிலும் நீங்களே சரிசெய்துவிடலாம். யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. நாம் எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. இந்த இட மாற்றத்தைச் செய்ய வேண்டியது சாஃப்ட்வேரில் உள்ள எழுத்து இன்ஜின். அடோபியின் பழைய லத்தீன் இன்ஜினுக்கு அது தெரியாது, சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும். கொம்பைத் தாங்க முன்னால் எழுத்து இல்லையென்றால் புள்ளிவட்டம் போடும். குற்றம் ஃபான்ட்டில் இல்லை.

போட்டோஷாப்: எடிட், பிரிஃபரன்ஸஸ், டைப். அங்கே டெக்ஸ்ட் இன்ஜின் என்ற இடத்தில் பதிப்பைப் பொறுத்து 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' அல்லது 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்' என்று இருக்கலாம். அதைத் தேர்ந்து, மூடித் திறந்து, புது ஃபைலில் சோதியுங்கள். ஏற்கெனவே தட்டிய லேயர்கள் தாமாக மாறாமல் அடம்பிடித்தால் அவற்றை அழித்து மறுபடி ஒட்டுவதுதான் வேகமான வழி. இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்ஸஸ், டைப் பகுதியில் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' டிக் செய்து, பாராகிராஃப் பேனலின் மூலை மெனுவில் சவுத் ஏசியன் கம்போசரைத் தேர்வு செய்ய வேண்டும். இன்டிசைனில் அதே மூலை மெனுவில் 'அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்'. இதை ஒவ்வொரு பாராவுக்கும் போடாதீர்கள், பாராகிராஃப் ஸ்டைலுக்குள் வைத்துவிடுங்கள். பிரீமியரிலும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் பிரிஃபரன்ஸஸில் இதே போல் ஒரு தெரிவு இருக்கிறது.

ஃபான்ட்டுக்குப் பஞ்சம் என்பது பழைய கதை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், அனெக் தமிழ் ஆகியவை திறந்த உரிமத்தில் கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கின்றன, வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். தலைப்புக்குக் கொஞ்சம் குண்டாக வேண்டுமென்றால் பலூ தம்பி, கையெழுத்துச் சாயலுக்குக் கவிவனார்.

வரி இடைவெளியில் தமிழுக்கென்று ஒரு கணக்கு வேண்டும். கீ-யின் சுழி மேலே ஏறும், ணு-வின் வால் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு 120 விழுக்காடு லீடிங் போதும். தமிழுக்கு 140-க்குக் குறையாமல் வையுங்கள். ஒரே வரியில் ஆங்கிலச் சொல் வந்தால் அதை ஓரிரு பாயின்ட் சிறிதாக்கினால்தான் இரண்டும் ஒரே உயரமாகக் கண்ணுக்குத் தெரியும். குறுகிய பத்தியில் இருபுறமும் சமன் செய்யாதீர்கள். 'ஒருங்கிணைக்கப்பட்டிருக்கிறது' போன்ற சொல் ஒன்று வந்தாலே அதற்கு முந்தைய வரியில் சொற்களுக்கு நடுவே வெள்ளை இடைவெளி ஆறு மாதிரி ஓடும்.

கே: எங்கட சங்கத்தின் பழைய ஆண்டு மலர்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கரில் செய்தவை. அவற்றை இணையத்தில் போட வேண்டும். திரும்பத் தட்டச்சு செய்யத்தான் வேண்டுமா? – வாசகர், யாழ்ப்பாணம்

ப: வேண்டாம். பாமினியில் 'அ' என்று தெரிவது கணினிக்கு ஓர் ஆங்கில எழுத்துதான். அதனால்தான் கூகுளில் தேடினால் அகப்படுவதில்லை, பார்வையற்றோருக்கான வாசிப்பு மென்பொருளும் உளறுகிறது. எழுத்தைப் பிரதியெடுத்து என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றில் ஒட்டினால் யூனிகோடாகிவிடும்.

பிழை எங்கே வரும் என்று தெரிந்துகொண்டு மெய்ப்பு பாருங்கள். இடையிடையே இருந்த ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தமிழ்க் குப்பையாக மாறியிருக்கும், அவற்றை மாற்றுவதற்கு முன்பே தனியே எடுத்து வையுங்கள். பழைய எழுத்துருக்களில் 'கௌரவம்' என்பதில் 'கௌ'வின் பின்பகுதியை ள-வைக் கொண்டு தட்டியிருப்பார்கள், 'கெ'யும் 'ள'வும் தனித்தனியாக வரும். கண்ணுக்குத் தெரியாது, தேடும்போது சிக்கும். மாற்றிய பிறகு 'கெள', 'மெள', 'பெள' என்று தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். மொத்தமாக மாற்றக்கூடாது, 'மெள்ள' இருக்கிறது!

கே: விசிட்டிங் கார்டு, நோட்டீஸ் எல்லாவற்றிலும் சின்ன கறுப்பு எழுத்தின் ஓரத்தில் சிவப்பாகவோ நீலமாகவோ நிழல் விழுகிறது. மெஷின்காரர் ஃபைல் தப்பு என்கிறார். எனக்கு மெஷின் தப்பு என்று தோன்றுகிறது. – டி.டி.பி. மையம் நடத்துபவர், விருதுநகர்

ப: மெஷின்காரர் பக்கம்தான் நியாயம். போட்டோஷாப்பில் ஆர்.ஜி.பி. கறுப்பில் எழுதி, வழக்கமாக வரும் அமைப்பில் சி.எம்.ஒய்.கே.-க்கு மாற்றினால் அது சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று ஆகிறது. கூட்டினால் 300. 7 பாயின்ட் எழுத்து நான்கு மைக்கான நான்கு பிளேட்டிலும் விழுகிறது. காகிதம் ஈரத்தில் ஒரு மயிரிழை விரிந்தாலும் நான்கும் ஒன்றன் மேல் ஒன்று உட்காராது. உலகத்தின் எந்த மெஷினிலும் இதற்கு மருந்தில்லை.

சிறு எழுத்துக்குக் கறுப்பு மட்டும் 100, மற்ற மூன்றும் சுழியம், ஓவர்பிரின்ட் போட்டு. எழுத்தைப் போட்டோஷாப்பில் வைக்காமல் கோரலிலோ இன்டிசைனிலோ வையுங்கள். அனுப்பும் முன் கோரலில் எழுத்தைக் கர்வாக (ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றுங்கள், தமிழ் ஃபான்ட் அவரிடம் இல்லையென்றால் எழுத்து கட்டம் கட்டமாகப் போகும். மாறாக, உள்ளங்கைக்கு மேல் பெரிதான கறுப்புப் பரப்பு இருந்தால் ஒற்றைக் கறுப்பு சாம்பல் போலத் தெரியும். அங்கே 60, 40, 40, 100 போடலாம். வெள்ளை எழுத்துக்கு மட்டும் தப்பித்தவறியும் ஓவர்பிரின்ட் போட்டுவிடாதீர்கள். திரையில் இருக்கும், அச்சில் காணாமல் போகும். பி.டி.எஃப்.-ஐ அக்ரோபேட் புரோவின் அவுட்புட் பிரிவ்யூவில் திறந்து கறுப்பு பிளேட்டை மட்டும் அணைத்துப் பாருங்கள். எழுத்து முழுதாக மறைந்தால் ஃபைல் சரி. பேய் மாதிரி மிச்சம் நின்றால் அதுதான் உங்கள் நிழல்.

கே: ஸ்டில் டிசைன் நன்றாக வருகிறது. அதையே அசைய வைத்தால் பவர்பாயின்ட் மாதிரி இருக்கிறது. எதில் கோட்டை விடுகிறேன்? – ஃப்ரீலான்சர், மதுரை

ப: அநேகமாக மூன்றில். முதலாவது, எல்லாம் ஒரே வேகத்தில் நகர்கிறது. இரண்டு கீஃபிரேமுக்கு (அசைவு தொடங்கும், முடியும் இடங்கள்) நடுவே வேகத்தைப் படிப்படியாக மாற்றும் ஈஸ் போட்டு, கிராஃப் எடிட்டரில் தொடக்கத்தை வேகமாகவும் முடிவை மெதுவாகவும் இழுங்கள். ஒரு பொருள் வந்து நிற்க 12 முதல் 18 ஃபிரேம் போதும்.

இரண்டாவது, எல்லாம் ஒரே நேரத்தில் வருகிறது. லோகோ, படம், விலை மூன்றையும் 3–4 ஃபிரேம் தள்ளித் தள்ளி விடுங்கள்.

மூன்றாவது, படிக்க நேரம் கொடுப்பதில்லை. நீங்கள் எழுதிய வாசகம் உங்களுக்கு மனப்பாடம், பார்ப்பவருக்குப் புதிது. திரையில் இருக்கும் தமிழை இரண்டு முறை வாய்விட்டுப் படித்து முடிக்கும் வரை அது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேகத்தை மாற்றாதீர்கள், சொற்களை வெட்டுங்கள்.

ஸ்டில் ஃபைலைத் தயார்செய்வதிலும் பாதி வேலை இருக்கிறது. அசைய வேண்டிய ஒவ்வொன்றும் தனி லேயராக, பெயரோடு இருக்கட்டும். 'லேயர் 47 காப்பி 3' என்று வைத்துக்கொண்டு ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள் போனால் அன்றைய பொழுது தேடுவதிலேயே போகும். உள்ளே எடுக்கும்போது 'கம்போசிஷன் – ரீடெய்ன் லேயர் சைசஸ்' என்று எடுங்கள், இல்லாவிட்டால் சுழலும் மையப்புள்ளி எல்லாவற்றுக்கும் பக்கத்தின் நடுவில் நிற்கும். எழுத்து எழுத்தாக வரவைக்கும் அனிமேட்டரைத் தமிழுக்குப் போட்டால் 'கொ' மூன்று துண்டாக வருவது அடிக்கடி நடக்கும். அதைச் சொல் வாரியாக மாற்றுங்கள், அல்லது எழுத்தை ஷேப்பாக்கிக் கையால் குழு சேருங்கள்.

நீங்களே வீடியோ எடுப்பதானால் ஒன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கடை டியூப்லைட்டின் கீழ் 30 ஃபிரேம், ஷட்டர் 1/60 என்று எடுத்தால் படம் முழுக்கக் கோடு அலையும். 25 ஃபிரேம், 1/50. இதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு, எடுக்கும்போது விநாடி வேலை.

கே: மகள் பிளஸ் டூ, வணிகவியல் பிரிவு. டிசைன் படிக்க வேண்டும் என்கிறாள். கணிதம் எடுக்காததால் வாய்ப்பில்லை என்று சிலர் சொல்கிறார்கள். – தந்தை, நாமக்கல்

ப: தவறாகச் சொல்கிறார்கள். அகமதாபாத்தில் 1961-ல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.-யின் பி.டெஸ். (டிசைன் இளநிலை) படிப்புக்கான நுழைவுத் தேர்வையும், ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் யூசீட் என்ற டிசைன் நுழைவுத் தேர்வையும் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் எழுதலாம். யூசீட் ஜனவரியில் நடக்கிறது, விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும். பொதுத்தேர்வு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டிலும் வரைதலோடு, பொருள்களைக் கவனித்து யோசிக்கும் திறனையும் சோதிப்பார்கள்.

கட்டணம் குறைவாக வேண்டுமென்றால் 1850-ல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியும் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே கை வரைதலுக்குக் கிடைக்கும் பயிற்சி வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காது. கலை அறிவியல் கல்லூரிகளின் விஸ்காம் படிப்பு கேமரா, எடிட்டிங் பக்கம் சாயும். சேரும் முன் அந்தக் கல்லூரியின் லேபை நேரில் போய்ப் பாருங்கள், எத்தனை மாணவருக்கு ஒரு கணினி என்று கேளுங்கள். மூன்று மாத 'மல்டிமீடியா டிப்ளமோ'க்களுக்கு ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கொடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மெனு எங்கே இருக்கிறது என்பதைத்தான் அங்கே கற்றுத்தருவார்கள்.

கே: போர்ட்ஃபோலியோவில் எத்தனை வேலை வைக்கலாம்? – கோவை

ப: எட்டு, மிஞ்சினால் பத்து. அதில் குறைந்தது இரண்டு, ஒரே பிராண்டை அச்சு, திரை, அசைவு மூன்றிலும் காட்டுவதாக இருக்கட்டும். அச்சான பொருளை வெயிலில் வைத்து நிஜமாகப் படம் எடுத்துப் போடுங்கள், கணினியில் ஒட்டிக் காட்டும் மாக்கப் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் என்ன கேட்டார்கள், நீங்கள் செய்தது எது, மற்றவர் செய்தது எது என்று மூன்று வரி. குழுவில் செய்ததை முழுக்கத் தன்னுடையது என்று போட்டு நேர்காணலில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு, ஊர் சிறியது. பி.டி.எஃப். 10 எம்.பி.-க்குள். ஷோரீல் ஒரு நிமிடத்துக்குள், மிகச் சிறந்ததை முதல் ஐந்து விநாடியில்.

கே: அச்சுப் பக்கம் பத்து வருடம் இருந்துவிட்டேன். 40 வயதில் யூ.ஐ. டிசைனுக்கு மாற முடியுமா? – சேலம்

ப: முடியும். கட்டம், எழுத்துரு, வரிசைமுறை எல்லாம் உங்களிடம் இருக்கிறது, திரை வடிவமைக்கும் சாஃப்ட்வேரான ஃபிக்மா ஒரு மாதத்தில் பழகும். மனதில் மாற வேண்டியது, பக்கத்துக்கு நிலையான அளவு கிடையாது என்பது. அதே திரை சின்ன போனிலும் திறக்கும், பெரிய எழுத்து வைத்திருக்கும் தாத்தாவின் போனிலும் திறக்கும். பட்டன் தொடுபரப்பு ஆண்ட்ராய்டில் 48 அலகு, ஐபோனில் 44. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் மாறுபாடு 4.5:1-க்குக் குறையக் கூடாது. வெள்ளையில் இளஞ்சாம்பல் எழுத்து வைத்து 'நீட்டாக இருக்கிறது' என்பவர்கள் இந்த இடத்தில்தான் தோற்பார்கள்.

உங்களுக்கு அனுகூலமான ஓர் இடம் இருக்கிறது: தமிழ் இடைமுகம். ஆங்கிலத்தில் 'ஓகே' என்று இரண்டெழுத்துக்குச் செய்த பட்டனில் 'உறுதிப்படுத்துக' உட்காராது. பலர் எழுத்தைச் சுருக்குவார்கள். அகலத்தை உள்ளடக்கத்துக்கேற்ப விரியும்படி வைத்து, 'சரி' என்று எழுத முடியுமா என்றும் யோசிப்பவர் நல்ல டிசைனர்.

கே: லோகோவுக்கு எவ்வளவு கேட்பது? முடித்த பிறகு 'ஓபன் ஃபைல் குடுங்க' என்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா? – ஃப்ரீலான்சர், ஈரோடு

ப: விலையை வாய்க்கு வந்தபடி சொல்லாமல் கணக்கிலிருந்து சொல்லுங்கள். வீட்டுச் செலவு மாதம் 35,000, கணினித் தவணை, சாஃப்ட்வேர், நெட், மின்சாரம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள், ஒரு நாளில் காசாகும் நேரம் நான்கு மணிக்கு மேல் இருக்காது, மீதி போன் பேசுவதிலும் பில் துரத்துவதிலும் போகும். 45,000-ஐ 100 மணியால் வகுத்தால் 450. வேலை இல்லாத மாதத்துக்காக 20 விழுக்காடு சேர்த்தால் 540. லோகோவுக்கு 14 மணி நேரம் பிடிக்குமானால் 7,560 ரூபாய் உங்கள் அடிமட்டம், அதற்குக் கீழ் கைக்காசு. தொடங்கும் முன் பாதி, இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து மணிக்கு இவ்வளவு. வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும்.

ஓபன் ஃபைல் விஷயத்தில் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தைப் பாருங்கள். சம்பளத்துக்கு இருக்கும்போது செய்தது முதலாளியுடையது. ஃப்ரீலான்சராக வரைந்த லோகோவுக்கு, எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாதவரை முதல் உரிமையாளர் நீங்கள்தான். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும் கதை தலைகீழ், அங்கே பணம் கொடுத்தவர் முதல் உரிமையாளர். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-ம் பிரிவு எடுத்துக்கொள்கிறது.

நடைமுறையில், கடைக்காரருக்கு லோகோவின் வெக்டர் பி.டி.எஃப்.-ஐக் கொடுத்துவிடுங்கள், அது இல்லாமல் அவர் போர்டு கூட அடிக்க முடியாது. லேயரோடு உள்ள வேலைக் கோப்புக்குத் தனி விலை வைத்து, அதை முதல் நாள் விலைப்பட்டியலிலேயே எழுதுங்கள். கடைசி நாளில் சொன்னால் சண்டைதான். காசு கொடுத்து வாங்கிய ஃபான்ட்டையும் ஸ்டாக் படத்தையும் அந்தக் கோப்போடு அள்ளிக் கொடுக்காதீர்கள், அந்த உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது.

கே: லேப்டாப் வாங்கும்போது எதைப் பார்ப்பது? – கடலூர்

ப: விளம்பரத்தில் பிராசசர் பெயர் பெரிதாக இருக்கும், திரை விவரம் பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். திரை எவ்வளவு வண்ணங்களைக் காட்டும் என்பதற்கு '45 விழுக்காடு என்.டி.எஸ்.சி.' என்றிருந்தால் தள்ளுங்கள், அது கணினித் திரைகளின் பொது அளவான எஸ்.ஆர்.ஜி.பி. வண்ணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டதைக் காட்டாமலே விட்டுவிடும். சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும், நீங்கள் ஏற்றிக்கொண்டே போவீர்கள். '100 விழுக்காடு எஸ்.ஆர்.ஜி.பி.' ஐ.பி.எஸ். திரை வேண்டும். ராம் 16 ஜி.பி., வீடியோ செய்தால் 32. பிற்பாடு ராம் ஏற்ற இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சந்தா கட்ட முடியாவிட்டால் இங்க்ஸ்கேப், கிரிட்டா, பிளெண்டர், டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு ஆகியவற்றிலேயே தொடங்கலாம். திருட்டு சாஃப்ட்வேர் வேண்டாம், அதோடு வரும் வைரஸ் முதலில் தின்பது உங்கள் ஃபைல்களைத்தான்.

கே: ஏ.ஐ. வந்துவிட்டதே, இந்தத் தொழில் இருக்குமா? – பலர்

ப: மேலே சொன்ன லட்டையே ஏ.ஐ.-யிடம் கேளுங்கள். 1,024 பிக்சல் அகலத்தில் அழகான லட்டு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் அது அச்சில் 8.7 செ.மீ.; பெட்டி மூடிக்கே போதாது. 20 அடி ஃப்ளெக்ஸில் அங்குலத்துக்கு நான்கே பிக்சல். பெரிதாக்கும் கருவிகள் உண்டு, அவை பூந்தியைத் தாமே கற்பனை செய்து நிரப்பும். 'தீபாவளி நல்வாழ்த்துகள்' என்று எழுதச் சொன்னால் எழுத்துகள் பிறழ்ந்து வரலாம். முதல் யோசனைப் படங்கள், பின்னணியை நீட்டுதல், வீடியோவில் ஆளை வெட்டியெடுத்தல், சப்டைட்டில் முதல் வரைவு இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். போஸ்டரை அப்படியே அதனிடம் வாங்கி விற்றுப் பிழைத்தவர்களுக்குத்தான் ஆபத்து, வாங்கியவரே நேராக அதனிடம் போய்விடுவார்.

கே: பழைய ஃபைல்களை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்? – தேனி

ப: வாடிக்கையாளர் இருக்கும் வரை. கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே அல்லது கிளவுடில் ஒன்று. 'ஃபைனல்', 'ஃபைனல் கடைசி', 'ஃபைனல் கடைசி 2' என்று பெயர் வைக்காமல் ஆண்டு-மாதம்-நாள், கடை, அளவு என்ற வரிசையில் வையுங்கள். கர்வாக மாற்றியதைத் தனியாகவும், எழுத்து எழுத்தாகவே இருக்கும் மூலத்தைத் தனியாகவும் சேமியுங்கள். அடுத்த ஐப்பசியில் அதே ஸ்வீட் கடைக்காரர் "போன வருஷ டிசைன்லயே வருஷத்தையும் விலையையும் மட்டும் மாத்திக் குடுங்க தம்பி" என்று காலை எட்டு மணிக்கு போன் செய்வார். பத்து மணிக்கு மெஷின் ஓட வேண்டும் என்றும் சொல்வார்.